அம்பாசிடர் என்ஜினில் போல்ட் சேரவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கலாம்

அம்பாசிடர் பெட்ரோல் வண்டியில் நீண்ட காலம் வந்தது 1489 சிசி என்ஜின். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை ஒட்டி, கொல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் வண்டியைச் செய்தார்கள். என்ஜினும் அங்கே பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்த 'பி' வரிசை என்ஜின்தான். 1948-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் சேர்ந்து யூனிஃபைட் என்ற ஒரே மரை (போல்ட்டிலும் துளையிலும் சுற்றிச் செல்லும் திருகுவரி) முறைக்கு ஒப்புக்கொண்டன. அதற்கடுத்த சில ஆண்டுகளில் வந்த என்ஜின் என்பதால் இதில் இருப்பது பெரும்பாலும் இஞ்ச் அளவு மரை: நெருக்கமான யு.என்.எஃப்., அகலமான யு.என்.சி.

இன்றைக்கு எந்தப் பட்டறையில் போய்ப் பார்த்தாலும் டப்பாவில் கிடப்பது மில்லிமீட்டர் போல்ட். ஒன்று தொலைந்தால் கைக்கு அகப்பட்டதைப் போட்டு முறுக்கிவிடுகிறார்கள். முக்கால்வாசித் தகராறு அங்கே ஆரம்பிக்கிறது. போல்ட் போனால் இன்னொன்று வாங்கலாம். பிளாக்கில் இருக்கும் துளை போனால்? வண்டி உற்பத்தியே 2014-ல் நின்றுவிட்டது, புது பிளாக் தேடி எங்கே போவது? அதனால் கீழே சொல்வது எல்லாமே துளையைக் காப்பாற்றுகிற நோக்கத்தில்தான்.

ஸ்பேனர் எடுக்கும் முன்

உங்கள் வண்டியில் இருப்பது எந்த என்ஜின் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 1990-களில் வந்த 1800 இசுசு என்ஜின் முழுக்க மில்லிமீட்டர். அந்த வண்டியில் என்ஜின் ஒரு முறை, பாடியும் சஸ்பென்ஷனும் இன்னொரு முறை என்று கலந்தே இருக்கும். 1489 டீசல் என்ஜின் அதே பெட்ரோல் என்ஜினின் உறவுக்காரன்தான், இஞ்ச் மரை. பிரீமியர் பத்மினி ஃபியட் வழி வந்தது, மில்லிமீட்டர். சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மறுபடி இஞ்ச். இதுபோக, தமிழ்நாட்டில் ஓடும் பழைய அம்பாசிடர்களில் என்ஜினையே மாற்றிய வண்டிகள் நிறைய. ஆர்.சி. புத்தகத்தை நம்பாமல் என்ஜினையே பாருங்கள்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு வெர்னியர், மரை இடைவெளியைப் பொருத்திப் பார்க்கும் பல் இதழ்கள் கொண்ட ஒரு பிட்ச் கேஜ். பிட்ச் கேஜில் மில்லிமீட்டர் இதழும் இஞ்ச் இதழும் இரண்டும் இருக்கவேண்டும். கேஜ் இல்லாவிட்டால் வெர்னியரே போதும்: மரையின் ஒரு முகட்டிலிருந்து தொடங்கி பத்து இடைவெளி தள்ளியிருக்கும் முகடு வரை அளங்கள். பத்து இடைவெளிக்கு பதினோரு முகடு எண்ணவேண்டும்; இங்கேதான் பலருக்கும் கணக்கு தப்பும்.

அளந்து பார்த்தால் இந்த என்ஜினில் அடிக்கடி வரும் 5/16 அளவு இப்படி இருக்கும். யு.என்.எஃப். என்றால் இஞ்ச்சுக்கு 24 மரை, பத்து இடைவெளி 10.6 மி.மீ. யு.என்.சி. என்றால் 18 மரை, 14.1 மி.மீ. மில்லிமீட்டர் முறையில் சாதாரண எம் 8 போல்ட்டுக்கு 12.5 மி.மீ. விட்டத்தை மட்டும் அளந்தால் மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும். 5/16 இஞ்ச் என்பது 7.94 மி.மீ. எம் 8 பெயருக்கு 8 மி.மீ., ஆனால் கடைப் போல்ட் அளந்தால் 7.8, 7.9 என்று காட்டும். விட்டத்தை நம்பி எம் 8 வாங்கி வந்தவர்கள்தான் துளையைக் கெடுக்கிறார்கள்.

வெர்னியரும் இல்லை என்றால் ஒரு எளிய சோதனை உண்டு. சரியான அளவு என்று தெரிந்த போல்ட்டையும் சந்தேகப் போல்ட்டையும் பக்கத்தில் பக்கமாக, மரையோடு மரை பதியும்படி வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஒரே இடைவெளி என்றால் இரண்டும் முழு நீளத்துக்கும் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்து, நடுவில் வெளிச்சமே வராது. வேறு வேறு என்றால் முதல் மூன்று நான்கு மரை பொருந்துவதுபோல் இருக்கும். அதற்கு மேல் முகட்டின்மேல் முகடு ஏறி நிற்கும், கீற்றுக் கீற்றாக வெளிச்சம் தெரியும்.

கையால் இரண்டு சுற்று போகிறது, பிறகு இறுகுகிறது

நிறுத்துங்கள். ஸ்பேனரை எடுக்காதீர்கள். நல்ல போல்ட் சுத்தமான துளையில் கடைசி வரை விரலாலேயே போகவேண்டும்.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒன்று, மரை வேறு: 24 மரை துளையில் எம் 8 போட்டால் சரியாக இப்படித்தான், ஒன்றரை இரண்டு சுற்றில் பிடித்துக்கொள்ளும். இரண்டு, துளையில் அழுக்கு, பழைய கேஸ்கெட் பசை, துரு. மூன்று, போல்ட் சாய்வாக ஏறிவிட்டது.

பிரித்துப் பார்ப்பது சுலபம். அதே பாகத்தில் பக்கத்துத் துளையிலிருந்து கழற்றிய பழைய போல்ட்டை இந்தத் துளையில் விரலால் விடுங்கள். அது போனால் துளை நன்றாக இருக்கிறது, புதுப் போல்ட்தான் தப்பு. அதுவும் நின்றால் துளையைச் சுத்தம் செய்யவேண்டும். அதற்குச் சரியான அளவு டேப்பை (துளைக்குள் மரை வெட்டும் கருவி) எண்ணெய் தொட்டு விரலால் மட்டும் சுழற்றுங்கள். டேப் இல்லையென்றால், சரியான மரையுள்ள பழைய போல்ட் ஒன்றின் நுனியில் ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் இரண்டு வெட்டு வெட்டி அதையே விடலாம். அழுக்கு அந்த வெட்டில் சேர்ந்து வெளியே வரும். தேய்ந்த மரைக்கு இதுவே டேப்பைவிடப் பத்திரம், ஏனென்றால் புதிதாக இரும்பை வெட்டி எடுக்காது.

போல்ட் சாய்வாக ஏறியிருந்தால் மெல்ல இடப்பக்கம் சுழற்றுங்கள். முதல் மரை 'டிக்' என்று விழும் இடம் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் நேராக ஏறும்.

முழுசாக உள்ளே போகிறது, ஆனால் இறுகவே இல்லை

போல்ட்டை வெளியே எடுத்து மரையின் பள்ளத்தைப் பாருங்கள். பளபளவென்று உலோகச் சுருள் ஒட்டிக்கொண்டு வந்தால் துளையின் மரை உரிந்துவிட்டது. போல்ட் சுத்தமாக வந்து, துளையில் லொடலொடவென்று ஆடினால், முன்பு யாரோ அந்தத் துளையைப் பெரிய அளவுக்கு டேப் அடித்திருக்கலாம். ஒரு எம் 8 போல்ட்டை விரலால் விட்டுப் பாருங்கள். அழகாகப் போய் உட்கார்ந்தால் விஷயம் அதுதான். 5/16-ஐ எம் 8 ஆக்குவது ஊரெங்கும் நடப்பதுதான். ஆனால் பழைய மரையின் தடம் முழுக்கப் போகாது. இரண்டு மரையும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும், பிடிப்பு குறைவு. சும்மா ஒரு கிளிப்பைப் பிடிக்கும் இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். வாட்டர் பம்ப், மேனிஃபோல்ட் மாதிரி இடத்தில் அப்படி விடக்கூடாது.

உரிந்த துளைக்கு ஹெலிகாயில் போடுவதே நல்ல வழி. துளையைக் குறிப்பிட்ட அளவுக்குத் துளைத்து, அதற்கென்று வரும் டேப் அடித்து, கம்பிச் சுருளை உள்ளே ஏற்றினால் பழைய 5/16 யு.என்.எஃப். மரையே திரும்பக் கிடைக்கும். அலுமினியத்தில் இது பழைய மரையைவிட உறுதியாகவே நிற்கும். ஹெலிகாயில் கிட் வாங்கும்போதும் அதே கவனம்: எம் 8 கிட் எளிதில் கிடைக்கும், யு.என்.எஃப். கிட்டைக் கேட்டுத்தான் வாங்கவேண்டும். கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் புஷ் கடைந்து போடச் சொல்லலாம். 'பெரிய டேப் அடித்து எம் 10 போட்டுடலாம்' என்று யாராவது சொன்னால், துளையைச் சுற்றி எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஸ்பேனர் தலையில் உட்காரவில்லை

13 போட்டால் கொஞ்சம் ஆடுகிறது, 12 ஏறவே இல்லை. இதுவே இஞ்ச் போல்ட்டின் முதல் அடையாளம். 5/16 போல்ட்டின் தலை அரை இஞ்ச், அதாவது 12.7 மி.மீ. 13 ஸ்பேனர் பிடிப்பதுபோல் பிடித்து, பலம் கொடுத்ததும் முனையை மழுக்கிவிடும். 1/4 போல்ட்டின் தலை 7/16 இஞ்ச், 11.1 மி.மீ. 3/8 போல்ட்டுக்கு 9/16, 14.3 மி.மீ.; இதற்கு 14 ஏறாது, 15 ஆடும். 7/16-க்கு 5/8 இஞ்ச். அரை இஞ்ச் போல்ட்டுக்கு முக்கால் இஞ்ச். 19 ஸ்பேனர் இதில் மட்டும் நன்றாகவே உட்காரும். பழைய என்ஜின் வைத்திருப்பவர் இஞ்ச் ரிங் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிவிடுவது நல்லது. வேறு எந்தச் செலவையும் தள்ளிப் போடலாம், இதைத் தள்ளிப் போடவேண்டாம்.

ஆனால் தலை அளவை வைத்து மரையை முடிவு செய்யவும் கூடாது. அதே எம் 8 மரைக்கு ஜெர்மன் முறையில் தலை 13, மாருதி 800 மாதிரி ஜப்பான் வழி வண்டியில் 12. எம்.ஜி. டி.டி. காரின் எக்ஸ்.பி.ஏ.ஜி. என்ஜினில் மில்லிமீட்டர் மரைக்கு விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் இஞ்ச் முறைத் தலை வைத்தே செய்திருந்தார்கள். தலை என்ன ஸ்பேனர் என்று மட்டும்தான் சொல்லும்.

துருவை ஒயர் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் வைத்துத் தேய்த்தால் சில அசல் போல்ட்டின் தலையில் ஒன்றையொன்று தொட்ட மூன்று சிறு வட்டம் தெரியும், அல்லது தலை நடுவில் வட்டமாகக் குழிந்திருக்கும். யூனிஃபைட் மரைக்கு பிரிட்டனில் போட்ட அடையாளம் அது. அப்படி ஒன்று கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள், மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றாக முறுக்கியாச்சு, பாகம் இன்னும் ஆடுகிறது அல்லது கசிகிறது

போல்ட் நீளம் அதிகம். நுனி துளையின் அடியில் முட்டி நிற்கிறது. உங்கள் பலமெல்லாம் அடியைத் தள்ளுவதில் போகிறது, பாகத்தை அழுத்தவில்லை. வாஷரை விரலால் நகர்த்திப் பாருங்கள். நகர்ந்தால் இதுதான்.

துளையின் ஆழத்தை ஒரு கம்பியை விட்டு அளங்கள். பாகத்தின் கனத்தையும் வாஷரையும் அதோடு கூட்டினால் வருவது போல்ட்டின் உச்ச நீளம். இரண்டு மூன்று மி.மீ. குறைவாக எடுங்கள். போல்ட்டின் நீளம் என்பது தலைக்குக் கீழிருந்து நுனி வரை. மரை இல்லாத வழவழப்பான தண்டுப் பகுதியையும் பாருங்கள்: அது பாகத்தின் கனத்தைவிட நீண்டால் மரை முடிந்த இடத்தில் போல்ட் நின்றுவிடும், அறிகுறி அச்சு அசலாக இதேதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நீளம் குறைந்தால் நாலைந்து மரைதான் பிடிக்கும். வார்ப்பிரும்பில் குறைந்தது போல்ட் விட்டத்தின் அளவுக்காவது, அலுமினியத்தில் அதைப்போல் இரண்டு பங்கு, மரை பிடிக்கவேண்டும்.

அடி மூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கும்போது முறுக்காதீர்கள். திரவம் சுருங்காது, போகவும் வழியில்லை. வார்ப்பிரும்பு விரிசல் விடும். பஞ்சும் கம்பியும் விட்டுத் துடைத்த பிறகே போல்ட்.

ராக்கரை மட்டும் தொட்டோம், தண்ணீர் கசிய ஆரம்பித்துவிட்டது

இது இந்த என்ஜினுக்கே உரிய விஷயம். வால்வைத் திறக்கும் ராக்கர்களின் ஷாஃப்ட்டைத் தாங்கும் பீடங்களில் எட்டு நட் இருக்கும். அதில் நான்கு சிறியவை, ராக்கருக்கு மட்டும். மற்ற நான்கும் ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்டின் (தலை இல்லாமல் இரு முனையிலும் மரை உள்ள தண்டு) நட். அவற்றைத் தளர்த்தினால் ஹெட்டின் ஒரு பக்கம் தளர்ந்து கேஸ்கெட்டுக்குள் தண்ணீர் இறங்கும். ஆகவே ரேடியேட்டரை வடித்துவிட்டு, ஹெட் நட் எல்லாவற்றையும் மேனுவலில் சொன்ன வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவேண்டும். திரும்பப் பூட்டும்போதும் அதே வரிசை, டார்க் ரெஞ்ச்சோடு.

இங்கே ஸ்டட் மாற்றவேண்டி வந்தால் இரண்டு முனையிலும் தனித்தனியாக மரையை அளங்கள். பிளாக்கில் இறங்கும் முனையும் நட் ஏறும் முனையும் ஒரே மரை என்று நினைத்துவிடக்கூடாது. ராக்கர் பீடத்தின் வழியாகப் போகும் ஸ்டட் மற்றவற்றைவிட நீளம். பழைய ஸ்டட்டின் நடுவில் இழுபட்டு மெலிந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மரை இடைவெளி ஒரு பகுதியில் மட்டும் அகன்றிருந்தாலும் அது நீண்டுவிட்டது. மறுபடி போடவேண்டாம்.

திரும்பத் திரும்பத் தளர்கிறது, அல்லது கழுத்தில் உடைகிறது

மரை சரி, நீளம் சரி, இருந்தும் நிற்கவில்லை என்றால் போல்ட்டின் தரத்தைப் பாருங்கள். மில்லிமீட்டர் போல்ட்டில் 8.8, 10.9 என்று தலையிலேயே எழுதியிருக்கும். 8.8 என்றால் இழுவிசை தாங்கும் அளவு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன். அதில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாது. இஞ்ச் போல்ட்டில் அமெரிக்க முறைப்படி கோடு போட்டிருக்கும்: மூன்று கோடு என்றால் கிரேடு 5, கிட்டத்தட்ட 8.8-க்குச் சமம். ஆறு கோடு கிரேடு 8, 10.9-க்குப் பக்கம். பிரிட்டிஷ் போல்ட்டில் எஸ், டி என்று எழுத்து இருக்கும். எதுவுமே இல்லாத மொட்டைத் தலை போல்ட் கேட், கிரில் வேலைக்கு வந்தது, என்ஜினுக்கு வேண்டாம்.

ஸ்டீல் மின்னுகிறது, துரு பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் போல்ட்டை எல்லா இடத்திலும் போடுகிறார்கள். சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் ஏ2-70 ரகம் 8.8-ஐவிடப் பலம் குறைவு, மரை ஒன்றோடொன்று கடித்துப் பிடித்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. வால்வ் கவருக்குப் போடுங்கள், அழகாக இருக்கும். எக்ஸாஸ்ட் பக்கம் வேறு கதை: அங்கே சூட்டில் இரும்பு நட் ஸ்டட்டோடு ஒட்டிப் போகும். பித்தளை நட் போட்டால் பத்து வருடம் கழித்தும் கழலும்.

கனெக்டிங் ராட் போல்ட், மெயின் பேரிங் போல்ட், ஃப்ளைவீல் போல்ட் மூன்றையும் எந்த ஹார்டுவேர் கடையிலும் அளவு பார்த்து வாங்காதீர்கள். அந்த என்ஜினுக்கென்று செய்த பாகம் மட்டுமே.

துளைக்குள்ளேயே உடைந்துவிட்டது

வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம். அதன்மேல் ஒரு நட்டை வைத்து நடுவில் வெல்டு அடித்து, சூடு ஆறி வரும்போது ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வெல்டின் சூடே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. உள்ளே உடைந்திருந்தால் நடுப்புள்ளியைச் சரியாகப் பஞ்ச் செய்து, இடப்பக்கம் சுழலும் டிரில் பிட்டால் துளையுங்கள். துளைக்கும்போதே சில சமயம் கழன்று வரும். உடைந்த போல்ட்டுக்குள் இறக்கித் திருகி எடுக்கும் ஈஸி அவுட்டைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். அது உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் அதைத் தொடவே முடியாது, மெஷின் ஷாப்புக்குத்தான் போகவேண்டும்.

சரி, எங்கே வாங்குவது?

ஹார்டுவேர் கடையில் 'இரண்டரை நூல் போல்ட்' என்று கேட்டால் 5/16 கொடுப்பார்கள், மூன்று நூல் என்றால் 3/8. விட்டம் சரி. ஆனால் பெரும்பாலும் வருவது பி.எஸ்.டபிள்யூ., அதாவது விட்வொர்த் மரை, அதுவும் சாதாரண இரும்பு. இதில் ஒரு கண்ணி இருக்கிறது: 5/16-லும் 3/8-லும் விட்வொர்த்துக்கும் யு.என்.சி.-க்கும் இஞ்ச்சுக்கு ஒரே எண்ணிக்கை மரை, 18-உம் 16-உம். பிட்ச் கேஜில் கிட்டத்தட்டச் சரியாக உட்காரும், துளையிலும் போய்விடும். ஆனால் மரையின் கோணம் விட்வொர்த்தில் 55 டிகிரி, யூனிஃபைடில் 60. முழுப் பரப்பும் தொடாது. எனவே கடையில் 'யு.என்.எஃப்., ஹை டென்சைல்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், தலையில் கோட்டைப் பாருங்கள், கூடவே அதே மரை நட் ஒன்றும் வாங்கி அங்கேயே விரலால் ஏற்றிப் பாருங்கள்.

சென்னையில் புது உதிரிக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, கழற்றிய சாமானுக்கு புதுப்பேட்டை, போல்ட் மட்டும் என்றால் பாரிமுனைப் பக்கத்து ஃபாஸ்டனர் கடைகள். புதுப்பேட்டையில் உதிரி போல்ட்டாகப் பொறுக்குவதைவிட, பாகத்தோடு சேர்ந்து வரும் போல்ட்டைக் கேட்டு வாங்குவது நல்லது: வாட்டர் பம்ப்பை எடுத்தால் அதன் போல்ட்டும் வரட்டும்.

சிறிய ஊரில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது டிராக்டர் உதிரிக் கடை. மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டரும் பிரிட்டிஷ் வடிவமைப்பின் வழி வந்ததுதான். அந்தக் கடைகளில் 5/16, 3/8, 7/16 யு.என்.எஃப். ஹை டென்சைல் போல்ட்டும் நட்டும் சாதாரணமாகக் கிடக்கும். கார் கடையில் 'இல்லை' என்று சொன்னது அங்கே டப்பா டப்பாவாக இருக்கும்.

ஸ்டட் மாதிரிச் சிறப்புப் பாகத்துக்கு இன்னொரு வழி: 1955 முதல் இங்கிலாந்தில் வந்த எம்.ஜி.ஏ. 1500 காரிலும் இதே 1489 சிசி என்ஜின் குடும்பம்தான். அந்தக் காருக்கு இன்றும் புது உதிரி செய்து விற்கிறார்கள். உங்கள் பழைய ஸ்டட்டின் நீளம், இரு முனை மரை நீளம் எல்லாவற்றையும் அளந்து ஒப்பிட்ட பிறகே ஆர்டர் போடுங்கள்.

எதுவும் கிடைக்காவிட்டால் லேத். இ.என். 8 அல்லது இ.என். 24 என்ற எஃகு ரகக் கம்பியில் கடையச் சொல்லுங்கள், மாதிரிக்குப் பழைய ஸ்டட்டையும் பொருந்தும் நட்டையும் கையில் கொடுங்கள். கடைந்த மரை, உருட்டிச் செய்த மரை அளவுக்குப் பலம் இல்லை. மேனிஃபோல்ட், டைனமோ பிராக்கெட் போன்ற இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகும்போது உடைந்த போல்ட்டை மட்டும் கொண்டுபோகாமல், நன்றாக இருக்கும் பக்கத்துப் போல்ட்டையும் எடுத்துப் போங்கள். ஒரு சீட்டில் நான்கு விவரம்: விட்டமும் மரையும், தலைக்குக் கீழ் நீளம், தண்டு எவ்வளவு மரை எவ்வளவு, தலைக் குறி. கழற்றும் நாளிலேயே ஓர் அட்டையில் பாகத்தின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளை போட்டுப் போல்ட்டைக் குத்தி வைத்தால் எது எங்கே என்ற குழப்பம் வராது. டைமிங் கவரில் நீளம் ஒரே மாதிரி இருக்காது, அதற்கு இந்த அட்டை கட்டாயம் வேண்டும்.